கண்டாவில் சாப்பிடப் போகும் மாப்பிள்ளைக்கு

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஷிபுயா, கின்சா, அசகுசா, ஷின்ஜுகு என்று டோக்கியோவின் நாலா பக்கமும் புள்ளி வைத்து, "இதுல எந்தக் கடைக்குப் போகலாம் மாமா?" என்று கேட்டிருக்கிறாய். எல்லாமே நல்ல கடையாக இருக்கலாம். ஆனால் இப்படி ஊர் முழுக்க ஓடி, ஒவ்வொரு வாசலிலும் கால் கடுக்க நின்று, ஒருமுறை சாப்பிட்டுவிட்டு அடுத்ததற்குக் கிளம்பினால் கடைசியில் மிஞ்சுவது போனில் இருக்கும் படங்கள்தான். அந்த ஊர்ச் சாப்பாடு பிடிபடாது. என் யோசனை வேறு. ஒரே ஒரு பேட்டையைப் பிடித்துக்கொள். அங்கே நாலைந்து கடைகளில் திரும்பத் திரும்பச் சாப்பிடு. நான் சொல்லும் பேட்டை கண்டா.

உனக்குப் போக்குவரத்தும் சுலபம். நீ இருக்கும் நிஷி கசாயில் டோசாய் லைனில் ஏறினால் வண்டி மாறாமல் குடான்ஷிதாவில் இறங்கலாம். அங்கிருந்து பத்து நிமிட நடையில் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோ வந்துவிடும். இன்னும் கொஞ்சம் கிழக்கே நடந்தால் அவாஜிச்சோ, சுதாச்சோ. இந்த இரண்டு முனைகளுக்குள் நான் சொல்லப்போகும் எல்லாக் கடையும் அடக்கம்.

இவ்வளவு பழைய கடைகள் அங்கே ஏன் சேர்ந்தன என்று தெரிந்துகொண்டு போனால் சாப்பாடு இன்னும் ருசிக்கும். சுதாச்சோ பக்கத்தில் மன்செய்பாஷி என்று ஒரு ரயில் நிலையம் 1912-இல் திறந்தார்கள். சில ஆண்டுகள் சூவோ லைன் அங்கேதான் முடிந்தது. வாசலில் டிராம் பாதைகள் கூடின. பக்கத்திலேயே பெரிய காய்கறிச் சந்தை. 1928-இல் அகிஹபராவுக்கு மாறும்வரை அது அங்கேதான் இருந்தது. ரயில் ஏற வந்தவன், மூட்டை தூக்கியவன், மொத்த வியாபாரி என்று பசியோடு வந்த கூட்டத்தை நம்பிக் கடைகள் பெருகின. 1923 நிலநடுக்கத்தில் பேட்டை எரிந்து, மறுபடி எழுந்தது. 1945-இல் அமெரிக்க விமானங்கள் டோக்கியோவைக் கொளுத்தியபோது இந்தச் சின்ன மூலை மட்டும் எப்படியோ தப்பியது. அதனால்தான் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே 1920, 30-களின் மரவீடுகளில் இன்னமும் அடுப்பு எரிகிறது. ரயில் நிலையம் 1943-இல் மூடப்பட்டது. அதன் செங்கல் வளைவுகளை ஆற்றோரத்தில் நீயே பார்க்கலாம்.

இந்தக் கடைகளுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. ஒரு கடைக்கு ஒரு பண்டம். நம் ஊர் மெனு கார்டைப் போல ஃபிரைட் ரைஸும் பரோட்டாவும் பாவ் பாஜியும் ஒரே இடத்தில் தேடாதே. எதற்குப் பேர்போன கடையோ, அதைச் சாப்பிடத்தான் அங்கே போக வேண்டும்.

முதலில் மட்சுயாவில் தொடங்கு. 1884-இல் ஆரம்பித்த சொபா கடை. இப்போதுள்ள கட்டடம் 1925-இல் கட்டியது. சாமுராய் கதைகள் எழுதிய இகெனாமி ஷோதாரோ இங்கே வாடிக்கையாக வந்து போனவர். சொபா என்பது பக்வீட் மாவில் செய்த, பழுப்பு நிற, மெல்லிய நூடுல்ஸ். இங்கே கையால் பிசைந்து, கையால் வெட்டுகிறார்கள். நீ 'மோரி' கேள். குளிர்ந்த நீரில் அலசிய சொபாவை மூங்கில் பாயின் மேல் பரப்பிக் கொண்டுவருவார்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பையில் கறுப்பான சாறு, நறுக்கிய வெங்காயத்தாள், வசாபி. அவ்வளவுதான். "இதுக்கா இத்தனை பேர் நிக்கிறாங்க?" என்று உனக்குத் தோன்றும். பொறு.

முதல் வாய் சாறு தொடாமல் வெறும் சொபாவைத் தின்னு. தானியத்தின் வாசனை மூக்கில் ஏறும். அடுத்து நாலைந்து இழைகளை எடுத்து அடிநுனியை மட்டும் சாற்றில் நனை. முழுக்க முக்கிவிட்டால் உப்புக் கரிக்கும். டோக்கியோச் சாறு கெட்டியானது. பிறகு சத்தமாக உறிஞ்சு. வீட்டில் இப்படி உறிஞ்சினால் அக்கா அதட்டுவாள், அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து போவதால்தான் வாசனை முழுதாகத் தெரியும். தட்டு காலியாகும் நேரத்தில் ஒரு சின்னக் குடுவையில் சொபா வெந்த சுடுநீர் வரும். நம் வீட்டு வடிகஞ்சி மாதிரி கலங்கலாக இருக்கும். மிச்சச் சாற்றில் அதை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்திரு. சாப்பாடு அங்கேதான் முடிகிறது. அதற்கு முன்னால் எழுந்து போகிறவன் பாதிச் சாப்பாட்டில் போகிறவன்.

ஒரு எச்சரிக்கை. பக்வீட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை உண்டாக்கும். நீ இதுவரை அதைத் தின்றதில்லை என்றால் முதல் நாள் கொஞ்சமாகத் தின்று பார்.

மட்சுயா பழகிய பிறகு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் யாபு சொபாவுக்குப் போ. அது 1880-இல் தொடங்கியது. 2013 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பழைய கட்டடம் போய்விட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் புதுக் கட்டடத்தில் திறந்தார்கள். இங்கே சொபாவில் லேசான பச்சை ஓடும், சாற்றில் உப்பு இன்னும் தூக்கல். கவனிக்க வேண்டியது காது. கல்லாவில் இருக்கும் அம்மா, வருகிற ஆர்டரையெல்லாம் ராகம் இழுத்து அடுக்களைக்குச் சொல்வார். கத்தலும் இல்லை, பாட்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. இரண்டு கடையில் எது உசத்தி என்று ஜப்பானியர்களே சண்டை போடுவார்கள். என் ஓட்டு மட்சுயாவுக்கு. ஆனால் இரண்டையும் நாலுமுறை சாப்பிட்டுவிட்டு நீ உன் ஓட்டைப் போடு, என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதே. இலையுதிர்காலத்தில் புதுச் சொபா வந்துவிட்டது என்று கடைகளில் எழுதி ஒட்டுவார்கள். அப்போது கட்டாயம் போ. டிசம்பர் 31 அன்று மட்டும் அந்தப் பக்கம் போகாதே. வருடக் கடைசி நாளில் சொபா தின்பது அவர்கள் வழக்கம். வரிசை தெருவைச் சுற்றும்.

அந்தப் பக்கத்திலேயே இசெகென் இருக்கிறது. 1830-இல் தொடங்கிய கடை. ஆங்கோ என்று ஓர் ஆழ்கடல் மீன், பார்க்க அவலட்சணமாக, வாயே உடம்பாக இருக்கும். அதன் தோல், ஈரல், இரைப்பை, துடுப்பு எதையும் விடாமல் சோயா சாற்றில் கொதிக்கவைத்து நடுமேசையில் வைப்பார்கள். ஈரல்தான் உயிர். மீனெல்லாம் தீர்ந்ததும் அடிச்சாற்றில் சோறும் முட்டையும் போட்டுக் கஞ்சி காய்ச்சித் தருவார்கள். இது குளிர்காலச் சாப்பாடு, தனியாகப் போகிற இடமும் இல்லை. முதல் போனஸ் வந்ததும் ஆபீஸ் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போ. கோழிதான் வேண்டும் என்றால் பக்கத்திலேயே போட்டன். பாய் விரித்த அறையில், கரி அடுப்பில், இனிப்பும் உப்புமான சோயா சாற்றில் கண்முன்னே வேகும் கோழிச் சுகியாகி. அது ஒன்றுதான் அங்கே. பச்சை முட்டையில் தொட்டுத் தின்ன வேண்டும். முகம் சுளிக்காதே, அந்த ஊரில் முட்டையைப் பச்சையாகத் தின்பதற்கென்றே சுத்தம் பார்த்துத்தான் விற்கிறார்கள்.

வயிறு நிறைந்தாலும் இசெகெனுக்கு எதிரே இருக்கும் தகெமுராவை விட்டுவிடாதே. 1930-இல் தொடங்கிய இனிப்புக் கடை. உட்கார்ந்ததும் உப்பில் ஊறிய செர்ரிப் பூ போட்ட வெந்நீர் கொடுப்பார்கள். 'அகெமஞ்சு' கேள். சிவப்புப் பயறுப் பூரணத்தை மாவில் பொதிந்து, எண்ணெயில் பொரித்து, சூடாக இரண்டு வைப்பார்கள். கடிக்கும்போது நாக்கைச் சுட்டுக்கொள்ளாதே.

இனி ஜிம்போச்சோ. அது கறி சோற்றுக்குப் பேர்போன இடம். சுற்றிலும் மெய்ஜி, நிஹோன், சென்ஷு பல்கலைக்கழகங்கள். புத்தகம் வாங்கிய மாணவன் ஒரு கையில் கரண்டியும் மறுகையில் புத்தகமுமாகச் சாப்பிடக் கறி சோறு வசதி என்று சொல்வார்கள். பழைய புத்தகக் கடைகள் இருக்கும் கட்டடம் ஒன்றின் மாடியில் போண்டி இருக்கிறது. பெயரைக் கேட்டுச் சிரிக்காதே, 1973 முதல் நன்றாகவே ஓடுகிறது. முதலில் தோலோடு வெந்த உருளைக்கிழங்கு இரண்டும் ஒரு துண்டு வெண்ணெயும் வரும். பிறகு சீஸ் தூவிய சோறும், தனிப் பாத்திரத்தில் குழம்பும். நம் குழம்பை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவாய். இது பிரெஞ்சுச் சாஸ் வழியில் வந்த கறி. முதலில் இனிக்கும், காரம் பின்னால்தான் வரும். அது பிடிக்கவில்லை என்றால் யசுகுனி சாலையில் தரைக்குக் கீழே இருக்கும் கியோஎய்தோவுக்கு இறங்கு. 1924-இல் தொடங்கிய இடம். அவர்களுடைய சுமத்ராக் கறியில் மாவு சேர்ப்பதில்லை. கறுத்து, தண்ணீராக, மசாலா வாசனை தூக்கலாக இருக்கும். நம் நாக்குக்கு இதுதான் பக்கம். குளிர்காலத்தில் சுட்ட ஆப்பிள் ஒன்று தருவார்கள், அதையும் கேட்டு வாங்கு.

சைவம் பற்றி ஒரு வார்த்தை. நீ எல்லாம் சாப்பிடுகிறவன். ஆனால் புரட்டாசி சனிக்கிழமை பற்றி அக்கா கேட்பாள், உன் அறை நண்பன் சுத்த சைவம் என்றும் சொன்னாய். கறித்துண்டு கண்ணில் படவில்லை என்பதால் அங்கே எதுவும் சைவமாகிவிடாது. சொபாச் சாறு, உடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸின் குழம்பு, மிசோ சூப், நம் பஜ்ஜி போன்ற டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் பெரும்பாலும் அடிப்படை காய்ந்த போனிட்டோ மீனை ஊறவைத்த 'தாஷி'. அந்த நண்பனைச் சொபா கடைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சங்கடப்படுத்தாதே. தகெமுராவுக்குக் கூட்டிப் போ. டெம்புரா கடைக்குப் போனால் காய்கறி டெம்புராவை உப்புத் தொட்டுத் தின்னச் சொல். பொரிக்கிற எண்ணெய் மீனுக்கும் பொது என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடு. முழுச் சைவம்தான் வேண்டும் என்றால் பௌத்த மடத்துச் சமையலான ஷோஜின் ரியோரி தரும் கடையைத் தேட வேண்டும்.

நடந்துகொள்ளும் முறை பெரிதாக ஒன்றும் இல்லை. கூப்பிடும்வரை வாசலில் நில், காட்டிய இடத்தில் உட்கார். மட்சுயாவில் முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள நேரும், அது அங்கே சகஜம். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்திவைக்காதே, குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றாதே; இரண்டும் சாவுச் சடங்கோடு சேர்ந்தவை. டிப்ஸ் வைக்காதே, தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள். பழைய கடைகள் பலவற்றுக்கு ஞாயிறு விடுமுறை, ஆகவே சனிக்கிழமை போ. பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை கூட்டம் அலைமோதும். சொபா கடைகளுக்கு இரண்டரைக்கு மேல் போனால் நிம்மதியாக உட்காரலாம். எழுந்து போகும்போது, சாப்பாட்டுக்கு நன்றி என்ற பொருளில் "கோச்சிசோசமா" என்று சொல்லிவிட்டுப் போ.

தபேலாக் என்ற ஜப்பானிய உணவக மதிப்பீட்டுத் தளத்தின் புள்ளிகளைப் பார்த்துப் பயப்படாதே. அங்கே ஐந்துக்கு மூன்றரை வாங்கினாலே நல்ல கடை. நம் ஊர் ஆப்களில் நாலரை பார்த்துப் பழகிய கண்ணுக்கு மூன்றரை மட்டமாகத் தெரியும், அவ்வளவுதான்.

செலவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு தட்டுச் சொபா ஆயிரம் யென்னை ஒட்டி முடியும். போண்டி அதைவிடக் கூட. இசெகெனும் போட்டனும் வருடத்துக்கு ஒருமுறை போதும். மாதம் இரண்டு சனிக்கிழமை போனால் உன் சம்பளத்தில் பெரிய ஓட்டை விழாது. கடன் அட்டையை நீட்டி நட்சத்திரக் கடைகளில் உட்காருவதெல்லாம் இப்போது வேண்டாம்.

ஐம்பது கடையில் ஒருமுறை தின்றவனைவிட, ஐந்து கடையில் பத்துமுறை தின்றவனுக்குத்தான் ருசி தெரியும். நாலாவது தடவை போகும்போது அவர்கள் உன்னை அடையாளம் கண்டு தலையசைப்பார்கள். எந்த மாதத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று உனக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த நீளப் பட்டியலை எடுத்துப் பார், எந்தக் கடை தேறும், எது வெறும் கூட்டம் என்று நீயே சொல்லுவாய். வருகிற சனிக்கிழமை மட்சுயாவில் தொடங்கு. சாப்பிட்டுவிட்டு எனக்கு எழுது. அக்காவுக்கும் ஒரு போன் பண்ணு, ராத்திரி மேகி தின்பதை விட்டுவிட்டேன் என்று சொல்.

அன்புடன்,
மாமா