மெக்கன்ஸியின் படத்தில் நிற்கும் மூவர்

கோவிற்பட்டியிலிருந்து கரிசற்காட்டினூடே மேற்கு நோக்கிச் செல்வோர்க்குக் கழுகுமலை தோன்றும். எட்டாம் நூற்றாண்டிற் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வகுத்த வெட்டுவான் கோயில் ஆங்கு முற்றுப்பெறாது நிற்கின்றது. அதனை வகுத்த சிற்பாசாரியனது முகத்தைக் காட்டும் படமொன்றும் நமக்கில்லை.

மேனாட்டு வழக்கம் வேறு. பண்டைக் கிரேக்க உரோமக் கலையின் அடக்கத்தைப் போற்றிய பிரெஞ்சு ஓவியர் தாவீது, கட்டடக் கலைஞரான தம் மாமன் தெமெசோனை 1782-ல் எண்ணெய் வர்ணத்தில் எழுதினார். நம் நாட்டில் அதனையொட்டிக் கூறத்தக்கது, தாமஸ் ஹிக்கி 1816-ல் எழுதிய கர்னல் காலின் மெக்கன்ஸியின் உருவப்படமாகும். மெக்கன்ஸி மாளிகை எழுப்பியவரல்லர். மைசூர் நாட்டை அளந்த இராணுவ எஞ்சினீயர். 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலானவர். ஹிக்கியோ டப்ளினிற் பிறந்து, 1824-ல் சென்னையில் மறைந்தவர்.

படத்தின் நடுவே செந்நிற இராணுவ உடையில் மெக்கன்ஸி நிற்கின்றார். ஆயினும் என் கருத்தை ஈர்ப்பவர் அவரைச் சூழ்ந்த இந்தியர் மூவரே. தொலைநோக்கி ஏந்தியவர் கிருஷ்ணாஜி என்பர். பனையோலைச் சுவடி ஏந்தியவர் சமணப் பண்டிதர் தருமையா. பழைய சாசனங்களைப் படித்துக் கூறியவர். மற்றவரைக் காவெல்லி வெங்கட லட்சுமையா என்று கருதுவோர் உளர். பின்னே குன்றின்மேல், 1432-ல் நிறுவப்பெற்ற கார்க்களத்துக் கோமடேசுவரர் தோன்றுகின்றார். கழுகுமலைப் பாறையிலுள்ள தீர்த்தங்கரர் உருவங்களைக் கண்டு வளர்ந்த எமக்கு அவ்வுருவம் அயலானதன்று.

ஏனைய உருவப்படங்களிற் கருவிகள் மேசைமேற் கிடக்கும்; ஈண்டு அவற்றை மனிதர் ஏந்தி நிற்கின்றனர். இஃது அவர்களுக்கு அளித்த பெருமையா, அன்றித் துரையின் பெருமைக்கு இட்ட அணியா? ஓவியர் இரண்டையும் ஒருங்கே செய்தார் என்பதே என் துணிபு. படத்தின் பெயரோ ஒருவரைத்தான் சுட்டுகின்றது.

1821-ல் மெக்கன்ஸி இறந்தார். அவர் தொகுப்பில் 8,000-க்கு மேற்பட்ட சாசனப் படிகள் இருந்தன. அப்பணியைத் தாமே தொடர லட்சுமையா வேண்டினார். கல்கத்தா ஆசியச் சங்கத்தின் ஜேம்ஸ் பிரின்செப், அவர் துணைவராக இருக்கலாம், தலைமைக்குத் தகார் என்று மறுத்தார். தொகுப்பின் சுவடிகள் பல சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நிலையத்தில் உள்ளன. படம் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றது.