உப்பிய கெப்பாசிட்டர்

கேள்வி: டிவியின் பவர் போர்டில் ஒரு கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறது. கழற்றப் பார்த்தால் போர்டின் செம்பும் உரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்கள் உயிர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அருகிலுள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மீட்டரில் அளக்காமல் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

சால்டர் முழுதாக உருகுமுன் இழுத்தால் செம்பு உரியும். ஈயமில்லாத சால்டர் இளக சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். 63/37 ஈயக் கலவைக்கு 183 போதும். ஃபிளக்ஸ் தடவி, பழையதன் மேல் இந்தக் கலவையைக் கொஞ்சம் உருக்கிச் சேருங்கள். இரண்டும் கலந்து எளிதில் இளகும். கால்கள் தாமாகவே வழுக்கி வரும்.

புதியது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி ரகமாக இருக்கட்டும். உடலில் கோடு போட்ட பக்கம் நெகடிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.