நாயும் துப்பாக்கியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் போலீஸ்காரர் ஒருவர் யாரோ வீட்டு நாயைச் சுட்டுவிட்ட காணொளி வெளிவந்தால் போதும், இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "வாயில்லா ஜீவனை இப்படியா?" என்பது ஒரு கட்சி. "கடி வாங்கிக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களா?" என்பது மறு கட்சி. இரண்டுமே பார்ப்பது துப்பாக்கி வெடிக்கும் அந்த ஒன்றிரண்டு வினாடிகளைத்தான். சுட்டது சரியா, தப்பா என்பது பல சமயம் அதற்கு முன்னால் போன நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகிறது. அதைக் கவனிக்காததால் இரு தரப்பிலும் சில நம்பிக்கைகள் வேரூன்றிவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: நாய் குரைத்தாலே சுடலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது.

உண்மை: 2016 டிசம்பரில் இப்படித்தான் தலைப்புச் செய்திகள் ஓடின. மிச்சிகன் மாநிலம் பேட்டில் கிரீக் நகரில் 2013-இல் போதைப்பொருள் சோதனைக்காக ஒரு வீட்டுக்குள் நுழைந்த போலீசார் இரண்டு பிட்புல் நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவற்றில் ஒன்று கீழ்த்தளத்தில் நின்று குரைத்துக்கொண்டிருந்த நாய். ஆறாம் சர்க்யூட் (சில மாநிலங்களுக்குப் பொதுவான மத்திய நீதிமன்ற வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றம் போலீசார் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வகுத்த அளவுகோல் குரைப்பு அல்ல. அதிகாரியின் பாதுகாப்புக்கு நாயால் உடனடி ஆபத்து இருந்ததா என்பதே. காரணமில்லாமல் நாயைக் கொல்வது அரசியலமைப்பை மீறிய செயல் என்பதையும் அதே தீர்ப்புதான் அந்தச் சர்க்யூட்டில் திட்டவட்டமாகச் சொன்னது. செய்திகளில் அந்தப் பாதி காணாமல் போயிற்று.

குறை இல்லாத தீர்ப்பு என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் நடந்ததைச் சொல்ல சுட்டவர்களைத் தவிர வேறு ஆள் இல்லாதபோது 'உடனடி ஆபத்து' என்பது அவர்கள் சொல்வதுதான் என்றாகிவிடுகிறது.

நம்பிக்கை 2: நாய் வெறும் உடைமை; அதற்கு என்ன சட்டப் பாதுகாப்பு?

உண்மை: உடைமை என்பதனால்தான் பாதுகாப்பே. குடிமக்களின் உடல், வீடு, ஆவணங்கள், உடைமைகள் ஆகியவற்றை அரசு நியாயமின்றிப் பறிக்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம். நாயைக் கொல்வது அப்படிப்பட்ட பறிமுதல்தான் என்று பென்சில்வேனியா வழக்கு ஒன்றில் மூன்றாம் சர்க்யூட் 2001-இல் தீர்ப்பளித்தது. வீட்டிலிருந்து நழுவி வெளியே வந்த ராட்வைலர் நாய் அது. உரிமையாளர் ஜன்னலிலிருந்து "சுடாதீர்கள்" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே போலீஸ்காரர் சுட்டார்.

டெட்ராய்ட் நகரம் வேறொரு வாதத்தை வைத்துப் பார்த்தது: லைசென்ஸ் எடுக்காத நாய் சட்டவிரோதப் பொருள், ஆகவே அதைக் கொன்றால் கேள்வி இல்லை. கீழ்க்கோர்ட் அதை ஏற்றது. 2018-இல் ஆறாம் சர்க்யூட் தள்ளுபடி செய்தது.

நம்பிக்கை 3: பாய்ந்து வரும் நாய்க்கு முன்னால் யோசிக்க நேரம் ஏது?

உண்மை: பாய்ந்து வரும்போது நேரம் இல்லைதான். அதற்கு முன்னால்? 1998-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே வட்டாரத்தில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார்சைக்கிள் கும்பலைச் சேர்ந்தவர்களின் வீடுகளில் சோதனை நடந்தது. காவல் நாய்கள் இருப்பது ஒரு வாரம் முன்பே போலீசாருக்குத் தெரியும். ஆனாலும் சுடுவதைத் தவிர உருப்படியான திட்டம் எதுவும் கையில் இல்லை. நாய்கள் செத்தன. ஒரு வாரம் அவகாசம் இருந்தும் மாற்றுவழி யோசிக்காதவர்கள் கடைசி வினாடியின் அவசரத்தைக் காரணம் காட்ட முடியாது என்பதுதான் 2005-இல் ஒன்பதாம் சர்க்யூட் கொடுத்த தீர்ப்பின் சாரம்.

டென்னசி மாநிலம் குக்வில் சம்பவம் இன்னும் கொடுமை. 2003 புத்தாண்டு நாளில் ஒரு குடும்பம் காரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. கூரைமேல் மறந்து வைத்த பர்சிலிருந்து நெடுஞ்சாலையில் பணம் பறக்க, பார்த்த யாரோ கொள்ளை என்று எண்ணித் தகவல் கொடுத்துவிட்டார்கள். போலீசார் காரை மறித்து, குடும்பத்தினரை மண்டியிடச் செய்து விலங்கு மாட்டினார்கள். "உள்ளே நாய்கள் இருக்கின்றன, கார் கதவைச் சாத்துங்கள்" என்று அவர்கள் கெஞ்சினார்கள். யாரும் சாத்தவில்லை. வெளியே குதித்து வந்த நாயை ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். ரோந்துக் காரின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. 'ஜெனரல் பேட்டன்' என்ற அந்த நாயின் பெயரிலேயே அந்த மாநிலத்தில் போலீஸ் பயிற்சிச் சட்டம் வந்தது. நாய் பாய்ந்த வினாடியை மட்டும் எடுத்துக்கொண்டால் போலீஸ்காரருக்காக வாதாட இடமுண்டு. கதவு திறந்தே கிடந்த நேரத்துக்கு யார் வாதாடுவது?

முன்னால் விசாரிக்காமல் புகுந்த கதை இன்னொன்று: 2008 ஜூலையில் மேரிலாந்தில் பெர்வின் ஹைட்ஸ் என்ற சிற்றூரின் மேயர் செய் கால்வோ வீட்டுக்குள் ஸ்வாட் என்ற சிறப்பு ஆயுதப் போலீஸ் படை புகுந்தது. அவருடைய இரண்டு லேப்ரடார் நாய்களும் சுடப்பட்டன. கஞ்சாப் பொட்டலம் ஒன்றைக் கடத்தல்காரர்கள் அவர் வீட்டு முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள். குடும்பத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிட்புல் மாதிரி 'பொல்லாத' இனங்கள்தான் சுடப்படுகின்றன என்று நினைப்பவர்களுக்கு இந்த லேப்ரடார்களே பதில்.

நம்பிக்கை 4: நாயைச் சுடுவதில் மனிதர்களுக்கு ஆபத்தில்லை.

உண்மை: தாழ்வாக, வேகமாக, வளைந்து வரும் சிறிய இலக்கு நாய். துப்பாக்கி முனை தரையை நோக்குகிறது. குறி தப்பினால் குண்டு கல்லிலும் சிமெண்டிலும் பட்டுத் தெறிக்கிறது. 2015 ஜனவரியில் அயோவாவின் பர்லிங்டன் நகரில், நாயைச் சுடப்போன போலீஸ்காரர் பனியில் வழுக்கினார். குண்டு பாய்ந்து 34 வயதுப் பெண் இறந்தார். 2017-இல் கலிபோர்னியாவின் பாம்டேலில் தெறித்த குண்டு 17 வயதுச் சிறுவனின் உயிரைக் குடித்தது. 2019-இல் டெக்சாஸின் ஆர்லிங்டனில் புல்தரையில் விழுந்து கிடந்த பெண் நலமாக இருக்கிறாரா என்று பார்க்கப் போனார் போலீஸ்காரர். நாய் ஓடிவந்தது, அவர் சுட்டார், செத்தது அந்தப் பெண்.

ஜார்ஜியாவில் 2014-இல் நாய்க்கு வைத்த குறி பத்து வயதுச் சிறுவனின் காலில் பாய்ந்தது. போலீசார் சொன்னபடி அவன் தரையில் படுத்துக் கிடந்தவன். வழக்கு 2019-இல் பதினோராம் சர்க்யூட்டில் விழுந்துவிட்டது. இதே போன்ற செயல் தவறென்று முன்பே தெளிவாகத் தீர்ப்பாகியிருந்தால் ஒழிய அதிகாரியிடம் நஷ்ட ஈடு கேட்க முடியாது என்ற சட்ட விலக்கு அவரைக் காப்பாற்றியது.

நம்பிக்கை 5: துப்பாக்கியை விட்டால் வேறு வழியில்லை.

உண்மை: அமெரிக்கத் தபால்காரரைக் கேளுங்கள். வீட்டுக்கு வீடு நாயைச் சந்திப்பது அவருக்கு அன்றாட வேலை. 2023-இல் மட்டும் 5,800-க்கும் மேற்பட்ட தபால் ஊழியர்களை நாய்கள் தாக்கியதாகத் தபால் துறையே சொல்கிறது. அவர்களிடம் துப்பாக்கி கிடையாது. நாயை விரட்டும் ஸ்ப்ரே இருக்கிறது. கடிக்க வந்தால் குறுக்கே நீட்டத் தோள்பை இருக்கிறது. முறைத்துப் பார்க்காதே, முதுகு காட்டி ஓடாதே, கேட்டைத் தட்டிச் சத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போ என்ற பாடம் இருக்கிறது. போலீஸ்காரரிடம் இவற்றோடு லத்தி, டேசர், கண்ணி வைத்த கம்போடு வரும் விலங்குக் கட்டுப்பாட்டு ஊழியர் என்று இன்னும் வழிகள் உண்டு. எல்லாம் எப்போதும் பலிக்காது என்பது உண்மை. ஆனால் முயலாமலே பலிக்காது என்பது சாக்கு.

குரைக்கிற நாய் கடிக்காது என்பது நம் ஊர்ப் பழமொழி. குரைத்தாலே கடிக்கப்போகிறது என்பது பயந்த போலீஸ்காரரின் கணக்கு. இரண்டையும் நம்ப வேண்டாம். குரைப்பு பெரும்பாலும் "இது என் இடம், தள்ளி நில்" என்ற எச்சரிக்கை. வாலாட்டுவதும் நட்பு என்று உறுதியில்லை: உடம்பு விறைத்து, வால் உயர்ந்து விறைப்பாக ஆடினால் எட்டவே நிற்க வேண்டும். இதையெல்லாம் கற்பிக்க நாள் கணக்கில் வகுப்பு தேவையில்லை. கொலராடோ 2013-இலும் டெக்சாஸ் 2015-இலும் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கிய பயிற்சி சில மணி நேரம்தான்.

நம்பிக்கை 6: ஆண்டுக்குப் பத்தாயிரம் நாய்களைச் சுடுகிறார்கள், இது அரசாங்கக் கணக்கு.

உண்மை: நீதித் துறை அதிகாரி ஒருவர் சொன்ன உத்தேசம் அது, எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. போலீசார் சுடும் நாய்களுக்கு நாடு தழுவிய பதிவேடே இல்லை. நாய்களுக்காக வாதாடுபவர்கள் இந்த எண்ணை அரசு முத்திரையோடு காட்டுவது அவர்கள் வழக்கையே பலவீனமாக்கும்.

நம்பிக்கை 7: எந்த நாயையும் சுடுவது எப்போதுமே அநியாயம்.

உண்மை: 2011 முதல் 2021 வரை அமெரிக்காவில் நாய் தாக்கி ஆண்டுக்குச் சராசரியாக 43 பேர் இறந்திருக்கிறார்கள். குழந்தையின் மேல் விழுந்து குதறும் நாயை நிறுத்த அந்த நொடியில் துப்பாக்கிதான் இருக்கிறதென்றால் அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும்.

நான்காம் சர்க்யூட் கொடுத்த இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கோடு எங்கே என்று தெரியும். வட கரோலினாவின் ஹை பாயிண்ட் நகரில், கட்டுப்படுத்த ஆளின்றி வெளியே திரிந்த ஆபத்தான நாய்களை அதிகாரிகள் சுட்டது நியாயம் என்றது 2003-இல். வர்ஜீனியாவில், சங்கிலியில் கட்டிய நாய் அதற்கு மேல் எட்ட முடியாத இடத்துக்கு வந்து நின்றபின் போலீஸ்காரர் சுட்டதாகச் சொல்லப்பட்ட வழக்கை விசாரித்தே ஆக வேண்டும் என்றது 2020-இல்.

ஆகவே அடுத்த காணொளி வரும்போது "நாய் பாய்ந்ததா?" என்பதோடு நிறுத்த வேண்டாம். நாய் இருப்பது முன்பே தெரியுமா? கட்டிப்போடவோ கதவைச் சாத்தவோ உரிமையாளருக்கு வாய்ப்புக் கொடுத்தார்களா? விலகி நிற்க இடம் இருந்ததா? குண்டு போகும் திசையில் யார் இருந்தார்கள்? இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் நியாயம் பேச முடியாது. வழக்கு ஜெயித்தால் போயிற்று என்பதும் கைகொடுக்காது. மேரிலாந்தில் போலீஸ்காரர் சுட்ட ஒரு நாய்க்காக 2017-இல் ஜூரி 12 லட்சம் டாலருக்கு மேல் ஈடு விதித்தது. வளர்ப்புப் பிராணிக்கு ஈட்டுக்கு உச்சவரம்பு உண்டென்று மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2021-இல் அதை 7,500 டாலராக்கியது. பின்னால் கிடைக்கும் நீதி இவ்வளவுதான் என்றால், சில மணி நேரப் பயிற்சியை முன்னாலேயே கொடுத்துவிடுவது நாய்க்கும் போலீஸ்காரருக்கும் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கும் மலிவு.