மூடிய குவாரி நிலத்தில் மண் அரிப்பைத் தடுக்கும் வழி

அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரத்தில் பெய்யும் மழை ஓடைகளிலும் ஏரிகளிலும் நின்று நின்று கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்கு இறங்குகிறது. அங்கிருந்து, 1944-இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. இந்த வழியில் கல்லோ கிராவலோ எடுத்து முடித்துச் சமன்செய்த நிலம் இருந்தால், அங்கே பெயரும் மண் முதலில் பக்கத்து ஏரியைத்தான் தூர்க்கும். இதற்குப் பலரும் சொல்லும் தீர்வு, கீழ்க்கோடியில் ஒரு வண்டல் குட்டை. குட்டை வேண்டும், அதை மட்டும் நம்பக்கூடாது. 1 மீட்டர் ஆழமுள்ள அசையாத தண்ணீரில் 0.1 மி.மீ. மணல் சுமார் 2 நிமிடத்தில் அடியில் படிந்துவிடும். 0.01 மி.மீ. வண்டலுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம் பிடிக்கும். 0.001 மி.மீ. களித்துகளுக்குப் பத்து நாள்கூடப் போதாது. ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 5 லட்சம் லிட்டர். லாரி ஓடி இறுகிய தரையில் அதில் பாதிக்கு மேல் வழிந்தோடக்கூடும். அத்தனையையும் பத்து நாள் அசையாமல் வைத்திருக்கும் குட்டை யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே களியை அது கிளம்பும் இடத்திலேயே பிடித்தாக வேண்டும்.

இதைச் செய்யத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நெய்வேலி இருக்கிறது. 1957-இல் தொடங்கிய அந்தத் திறந்தவெளிச் சுரங்கத்தில் 1 டன் பழுப்பு நிலக்கரிக்கு 5 கன மீட்டருக்கும் அதிகமான மேல்மண்ணைப் பெயர்க்க வேண்டியிருக்கிறது. சுரங்கத் தண்ணீரோடு வந்த சேறு பரவனாற்று வழியில் உள்ள வாலாஜா ஏரியில் படிந்து, ஏரி பல ஆண்டுகள் தூர்ந்து கிடந்தது. பிறகு பெருஞ்செலவில் தூர்வாரித்தான் அதை மீட்க முடிந்தது. நம் பக்கத்துக் குவாரிகள் அளவில் மிகச் சிறியவை என்பது உண்மை. ஆனால் அவற்றுக்குக் கீழே இருக்கும் ஏரிகளும் சிறியவையே.

முதல் வேலை, வெளித் தண்ணீரை வெளியிலேயே திருப்புவது. மழை பெய்யும்போது நிலத்தைச் சுற்றி நடந்து, மேட்டுப்பக்கத்திலிருந்து நீர் எங்கெங்கே உள்ளே இறங்குகிறது என்று முளைக்குச்சி அடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களை இணைத்து மேட்டோரமாகச் சுற்று வாய்க்கால் வெட்டி, ஏற்கெனவே உள்ள ஓடையில் கொண்டுபோய்ச் சேருங்கள். அடுத்தவர் கொல்லையில் திருப்பிவிட்டால் அங்கே புதிய அரிப்பு தொடங்கும். தண்ணீரை உள்ளேயே விட்டால் கிணற்றில் ஊறுமே என்று ஒரு கேள்வி வரும். பாறைக்குழியில் அது சரி (அங்கே வேலி கட்டாயம் வேண்டும்). கொட்டி நிரப்பிய மண்மேடு அப்படிப்பட்டதல்ல. அது ஊறிக் கனத்தால் சரியும்; உள்ளுக்குள் நீர் வழி பிடித்துக்கொண்டால் ஒரே மழையில் பிளந்துபோகும்.

அடுத்தது சரிவு. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரையை இழுக்கும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். நீளமான சரிவை ஒரே வீச்சாக விடாமல் படிப்படியாக உடைக்கச் சொல்வது இதனால்தான். இப்படிக் கொட்டிய மண்மேட்டின் மொத்தச் சரிவு 28 பாகையைத் தாண்டக்கூடாது என்பது சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக வரும் நிபந்தனை. புல் பிடிக்க வேண்டுமானால் மூன்றடிக்கு ஓரடி இறக்கம் நல்லது. ஒவ்வொரு படியும் உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். அங்கே சேரும் நீரை ஒரு ஓரமாக, கல் பதித்த வாய்க்காலில் இறக்குங்கள். பிறகு கொத்தனார் பிடிக்கும் மட்டக்குழாயை வைத்துச் சமமட்டக் கோடுகளைக் குறித்து, அந்தக் கோட்டின் வழியே உளிக்கலப்பை ஓட்டி இறுக்கத்தை உடையுங்கள். சரிவு இறங்கும் திசையில் உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு ஓடையாகிவிடும். குவாரி தோண்டும்போது ஒதுக்கி வைத்த வளமான மேல்மண்ணை இதற்குப் பிறகே பரப்ப வேண்டும். இறுகிய தரைமேல் பரப்பிய மண் முதல் மழையிலேயே வழித்துக்கொண்டு போகும்.

நான் எல்லாவற்றையும்விட நம்புவது புல்லை. மழைத்துளி நேரே தரையில் விழுந்து மண்ணை உடைப்பதில்தான் அரிப்பு ஆரம்பிக்கிறது. அதைத் தடுப்பது மூடாக்கு ஒன்றே. ஆடி, ஆவணியின் இடிமழை ஈரத்தில் கொழுக்கட்டைப் புல்லை விதைத்தால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்திருக்கும். செங்குத்தான இடங்களில் வெட்டிவேரைச் சமமட்ட வரிசையாக நெருக்கி நடலாம். வேர் பிடிக்கும்வரை வைக்கோலோ தென்னைநார்ப் பாயோ மேலே கிடக்கட்டும். சீமைக்கருவேலம் தானாகவே வந்துவிடுகிறதே, புல் எதற்கு என்பார்கள். அதன் அடியில் புல் ஒழுங்காக வளர்வதில்லை. மேலே பசுமை தெரிந்தாலும் தரை வெறுமையாகவே கிடக்கும். செலவைச் சொல்பவர்களுக்கு, இது விருப்பம்போல் விட்டுவிடக்கூடிய வேலை இல்லை என்பதை நினைவூட்ட வேண்டும். சுரங்கம் முடிந்த நிலத்தில் குத்தகைதாரரே மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்பதை நிபந்தனையாகச் சேர்க்கும்படி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

வாய்க்கால்களில் கல் தடுப்புகளை அடுக்கும்போது நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் கரையை அறுத்துச் சுற்றிப் போய்விடும். கீழ்த்தடுப்பின் உச்சி, மேல்தடுப்பின் அடிமட்டத்துக்கு வரவேண்டும். நூறடிக்கு ஐந்தடி இறங்கும் வாய்க்காலில் ஒன்றரையடி உயரத் தடுப்பை முப்பதடிக்கு ஒன்றாக வைத்தால் இந்தக் கணக்கு பொருந்தும்.

வண்டல் குட்டையைச் சரிவைத் திருத்தும் மண்வேலைக்கு முன்பே வெட்டிவிடுங்கள், ஏனென்றால் தரை மிகவும் திறந்து கிடப்பது அந்த மாதங்களில்தான். நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். நீர் ஒரு முனையில் நுழைந்து எதிர்முனையில், மேல்மட்டத்திலிருந்து மட்டும் வெளியேற வேண்டும். பெருமழைக்குக் கல் பாவிய கலங்கல் தனியாக வேண்டும். பாதி தூர்ந்ததும் வாரிவிடுங்கள். வாரிய மண்ணைக் கரையில் குவிக்காமல் மேட்டுப் படிகளில் பரப்பி, அதன்மேலும் புல் விதையுங்கள். முதல் மூன்று மழைக்காலங்களில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் சுற்று வாய்க்கால், படிகள், தடுப்புகள் என்று மேலிருந்து கீழாகப் பார்த்து வாருங்கள். விரல் ஆழத்துக்கு அரித்த கோடு தெரிந்தால் அன்றே மண்வெட்டியால் மூடி வைக்கோல் போட்டுவிடலாம். அடுத்த மழைவரை விட்டால் ஜேசிபி வேண்டியிருக்கும்.