இசைநாடகத்தில் வேடப்பொருத்தம்: குரலும் உயரமும்

'கட்டை' என்னும் சொல் நம் நாடக அரங்கில் நான்கு பொருளில் வழங்குகிறது. ஆர்மோனியப் பெட்டியின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சுருதியைக் குறிப்பது ஒன்று. ஆடவர் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையிலும், மகளிர் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவர். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கூத்தர் தலையிலும் தோளிலும் பூணும் அணிகலன் மற்றொன்று. தாழ்ந்து கனத்த குரலைக் 'கட்டைக் குரல்' என்கிறோம். உயரம் குறைந்த ஆளையும் சற்றும் தயங்காமல் 'கட்டை' என்று சொல்லிவிடுகிறோம். குரலையும் உடலின் அளவையும் ஒரே சொல்லால் சுட்டும் இவ்வழக்கு தற்செயலாக நேர்ந்ததாக இருக்கலாம். ஆயினும் யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்ய அமரும் ஒவ்வோர் ஆசிரியரும் இந்தக் 'கட்டை'கள் அத்தனையோடும் மல்லுக்கட்ட வேண்டியவராகிறார். அவ்வாறு மல்லுக்கட்டித் தோற்றவன் என்ற முறையிலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி முத்தமிழ் விழா ஒன்றுக்காகக் கோவலன் கதையை இசைநாடகமாக மேடையேற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. கண்ணகி வேடத்திற்கு இருவர் முன்வந்தனர். ஒருத்தி நெடியவள், பார்வைக்கு எடுப்பானவள், குரல் மெல்லியது. மற்றவள் ஐந்தடிக்கும் குறைவு. ஆனால் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து வாய்விட்டுப் படித்தால் தாழ்வாரத்தில் செல்வோர் நின்று கேட்பர். பாண்டியன் வேடதாரியோ ஆறடி. அவன் எதிரில் குறியவள் நின்றால் அவையினர் சிரித்துவிடுவர் என்று அஞ்சி நெடியவளைத் தேர்ந்தேன். விழாவன்று ஒலிபெருக்கி பழுதாயிற்று. வழக்குரை காதைக்குரிய பாடல் நான்காம் வரிசையைத் தாண்டவில்லை. குறியவள் திரைக்குப் பின்னே, பிறருக்குச் சிலம்பு எடுத்துக் கொடுக்கும் பணியில் இருந்தாள். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் விடை இருந்திருக்காது.

இனி, நூல்கள் இது குறித்துக் கூறுவனவற்றை நோக்குவோம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவன் தலைவியரிடையே இருத்தற்குரிய ஒப்புமைகளைப் பத்தாக வகுக்கிறது. அவற்றுள் ஆண்டும் உருவும் இடம்பெறுகின்றன. குரல் இடம்பெறவில்லை. அது வாழ்க்கைக்குரிய இலக்கணமேயன்றி மேடைக்குரியதன்று. எனினும் இணை என்றால் உருவு ஒத்திருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு எத்துணைப் பழமையானது என்பதை இதனால் அறியலாம். சிலப்பதிகார அரங்கேற்று காதை அரங்கின் அளவுகளைத் தருகிறது. இருபத்துநான்கு விரல் ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் உடையது அரங்கு. அரங்கின் தளத்திற்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல். விரல் என்பது பெருவிரல்; அதன் அகலத்தை ஏறத்தாழ ஓர் அங்குலம் எனக் கொண்டால் கோல் இரண்டடியாகும். தளத்திற்கும் உத்தரத்திற்கும் இடைவெளி எட்டடி. ஐந்தரை அடி மனிதர் ஒன்றரை அடி முடி தரித்து நின்றாலும் தலைக்குமேல் ஓரடி எஞ்சும். இது என் கணக்கு. பிழையிருப்பின் கணிதத்துறை நண்பர்கள் பொறுத்தருள்க. மனித உடலின் உறுப்பைக்கொண்டே அரங்கை அளந்தனர் என்பது மட்டும் ஐயத்திற்கு இடமில்லாதது.

வடமொழிப் பரத நூல் வேடப்பங்கீட்டைத் தனியே பேசுகிறது. தேவர் வேடத்திற்கு மிக நெடிதும் மிகக் குறிதும் அல்லாத, உறுப்புகள் அமைந்த உடலினரையும், அரக்கர் வேடத்திற்குப் பருத்த உடலும் முகில் முழக்கம் போன்ற குரலும் உடையோரையும் கொள்க என்கிறது. பாட்டு மகளிர்க்கும் பாடம் சொல்லுதல் ஆடவர்க்கும் இயல்பு எனவும் அது பிரிக்கிறது. உயரமும் குரலும் எப்போதும் இணைந்தே வரும் என்று அந்நூல் கருதியதாகத் தோன்றுகிறது. உண்மையில் அவை அவ்வாறு வருவதில்லை. இங்கேதான் சிக்கல் எழுகிறது.

குரலின் உயர்வு தாழ்வு குரல்நாண்களின் நீளத்தையும் தடிப்பையும் பொறுத்தது. வளர்ந்த ஆடவர் பேசும்போது அவை நொடிக்கு ஏறத்தாழ 85 முதல் 180 முறை வரை அதிர்கின்றன; மகளிர்க்கு 165 முதல் 255 வரை; சிறுவர்க்கு அதனினும் மிகுதி. ஒரே பாலினத்தைச் சேர்ந்த வளர்ந்தவர்களை ஒப்பிட்டால், நெடியவர் குரல் தாழ்ந்தும் குறியவர் குரல் உயர்ந்தும் இருக்கும் என்பது மிக நலிந்த விதியே. குரலின் கனத்தில், அதாவது தொண்டை முதல் உதடு வரையிலான குழலின் முழக்கத்தில், உயரத்திற்குச் சிறிது பங்குண்டு. எனினும் ஆறடி உயரத்தில் கீச்சுக் குரலினரும் ஐந்தடி உயரத்தில் இடிக்குரலினரும் நம் தெருவிலேயே உள்ளனர். நம் கண்தான் நெடியவரைக் கண்டவுடன் கனத்த குரலை எதிர்பார்க்கிறது. அவ்வெதிர்பார்ப்பு பொய்க்குமிடத்தில் அவையினர் சிரிக்கின்றனர். பபூன் வேடம் அந்தச் சிரிப்பையே முதலாகக் கொண்டது.

ஆனால் வாழ்நாளில் ஒரு பருவத்தில் மட்டும் குரலும் உயரமும் ஒன்றாக மாறுகின்றன. அதுவே பாய்ஸ் கம்பெனிகளின் கதை.

மகரக்கட்டு

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்தனர். சிறுவர்களே அரசராகவும் அரசியராகவும் நடித்த குழுக்கள் அதற்கு முன்னும் பின்னும் பல இருந்தன. இவற்றின் வேடப் பெயர்களே அக்காலப் பங்கீட்டைக் காட்டும்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன். உயர்ந்த சுருதியில் பாடவல்ல, மெல்லிய தோற்றமுடைய சிறுவன் ஸ்திரீபார்ட். சற்று வளர்ந்தவன், குரல் எடுப்பானவன் ராஜபார்ட்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைந்து ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். இதனை நாடகத்தார் 'மகரக்கட்டு' என்றனர். அதே ஆண்டில்தான் சிறுவன் கிடுகிடுவென வளரவும் செய்வான். நேற்றுவரை தமயந்தியாக நின்றவன் இன்று நளனைவிட ஒரு சாண் உயர்ந்து நிற்பான். வாய் திறந்தால் பாட்டு இரண்டாகப் பிளக்கும். கம்பெனிக்கு ஒரே நேரத்தில் இருவகை இழப்பு. பையனுக்கோ பிழைப்பே இழப்பு. புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் புகழோடு விளங்கியபோது மகரக்கட்டால் குரல் கெட, அங்கிருந்து விலக நேர்ந்தது. அவர் சாதகம் செய்தும் உடற்பயிற்சியும் சிலம்பமும் பழகியும் மீண்டு, திரைப்படத்தில் பாடும் நாயகராக உயர்ந்தார். 1940இல் வெளிவந்த 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடம் அவருடையது. அவர் மீண்டார், பெயரறியாது போன சிறுவர் எத்தனை பேரோ! கலைக்காகக் குழந்தைகளைக் கொடுத்த வறிய வீடுகளை எண்ணாமல் அக்காலப் புகழைப் பேசுவது எனக்கு உடன்பாடன்று.

இத்துயரம் நமக்கே உரியதன்று. 2005இல் இலண்டனில் அரங்கேறிய 'பில்லி எலியட்' என்னும் இசைநாடகத்தில் தலைமை வேடத்திற்கு உயரம் மிகாத, குரல் உடையாத சிறுவர்களையே தேடினர். அவர்கள் வளர்ந்ததும் வேறு சிறுவர் அவ்விடத்திற்கு வந்தனர். ஐரோப்பிய ஆபெராவில் வேறொரு வழி கண்டனர்: பதின்ம வயதுச் சிறுவன் வேடத்தைப் பெண்ணே பாடுவது. மொசார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' (1786) நாடகத்தில் வரும் செருபினோ அத்தகையது. குரல் உடையாது, உயரமும் கூடாது. நம்மிடம் கும்பகோணம் பாலாமணி அம்மாள் குழுவில் ஆண் வேடங்களையும் மகளிரே தாங்கினர் என்பதை இதனோடு ஒப்புநோக்கலாம்.

சங்கரதாஸ் சுவாமிகள் தம் வாழ்விலேயே உடல் வேடத்தைத் தீர்மானித்ததற்குச் சான்றானவர். நடிகராக இருந்தபோது இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் ஆகிய வேடங்களே அவருக்கு வந்தன. அவர் தோற்றமும் முழக்கமும் அத்தகையன. அவ்வேடங்களில் அவரைக் கண்டு அஞ்சிய பெண்களுக்கு நேர்ந்த தீங்கு அவர் மனத்தை உறுத்த, நடிப்பைத் துறந்து ஆசிரியராக மட்டும் அமைந்தார் என்று சொல்லப்படுகிறது. ஆசிரியரானபின் அவர் செய்த ஒரு செயல் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. சிறுவன் டி.கே. சண்முகத்தின் திறனைக் கண்டு, அவனுக்கென்றே 'அபிமன்யு சுந்தரி'யை ஓர் இரவில் எழுதி முடித்தார். அபிமன்யு இளையவன், வீரன், உயரமும் கட்டைக் குரலும் வேண்டாதவன். ஆளுக்கேற்ற வேடம் கிடைக்காதபோது வேடத்தையே எழுதிவிட்டார். அந்த ஆசான் இறுதியில் வாத நோயால் பேச்சிழந்து, 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் மறைந்தார். கடலூரிலிருந்து ஒருமணி நேரப் பேருந்துப் பயணத்தில் கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் உள்ளது. மாணவர்கள் ஒருமுறை சென்றுவரலாம்.

அச்சிறுவன் வளர்ந்து, 1940களில் ஔவையார் வேடம் தாங்கி 'ஔவை சண்முகம்' எனப்பெற்றதும் நோக்கத்தக்கது. மகரக்கட்டு ஓர் ஆடவனுக்கு இளம்பெண் வேடத்தின் கதவை அடைக்கிறது. மூதாட்டி வேடத்தின் கதவையோ திறந்தே வைக்கிறது. முதுமையில் குரல் தாழ்வதும் உடல் குனிவதும் இயல்பாதலின், வளர்ந்த உயரத்தையும் தாழ்ந்த குரலையும் அங்கே ஒளிக்க முடிகிறது. வேடப் பெயரே இயற்பெயராகிய மற்றொருவர் நவாப் இராஜமாணிக்கம். 'பக்த இராமதாஸ்' நாடகத்தில் நவாபாக நின்ற மிடுக்கு அவருக்கு அப்பட்டத்தைத் தந்தது. பிறப்பால் முஸ்லிம் அல்லாத ஒருவரைத் தமிழுலகம் வாழ்நாள் முழுதும் 'நவாப்' என்றே அழைத்தது!

ஒரே சுருதியில் இருவர்

ஆணும் பெண்ணும் சேர்ந்து நடிக்கத் தொடங்கிய ஸ்பெஷல் நாடகத்தில் சிக்கல் வேறு உருக்கொண்டது. வள்ளியும் வேலனும் தர்க்கப்பாட்டில் மாறிமாறிப் பாட வேண்டும். ஆர்மோனியமோ ஒன்று. ஒரு கட்டை வைத்தால் பெண்குரல் கீழே அமுங்கும். ஐந்து கட்டை வைத்தால் ஆண்குரல் மேலே கிழியும். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் இணையற்ற இணையாயினர் என்றால், அதற்குக் கிட்டப்பாவின் குரல் மகளிர் சுருதிக்கு எளிதில் ஏறிநின்றதே முதற்காரணம் என்பது என் கருத்து. இலங்கையில் 1926ஐ ஒட்டித் தொடங்கிய அந்த இணை 1933 டிசம்பர் 2இல் கிட்டப்பாவின் மறைவோடு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 27.

அதன்பின் ஆடவருடன் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதிகொண்ட சுந்தராம்பாள், 1935இல் திரையில் ஏற்றது நந்தனார் வேடம், ஆண் வேடம். ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அக்காலத்தில் ஊரெங்கும் வியந்து பேசப்பட்ட செய்தி. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். நம் சிதம்பரத்தை அடைய ஏங்கிய ஆதனூர்த் தொண்டரைப் பெண்குரலில் கேட்ட தமிழர், 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகரின் ஆண்குரலிலும் கேட்டனர். எது நந்தனாருக்குப் பொருந்தியது என்று முதியோர் வாதிடுவதைச் சிறுவயதில் நான் கேட்டதுண்டு. பின்னணிப் பாட்டு வந்தபின் குரலும் உடலும் வெவ்வேறு ஆட்களுடையன ஆகிவிட்டன. திரைக்கு இந்த வழக்கே இல்லாமற் போயிற்று. மேடைக்கு இருக்கிறது.

ஒலிபெருக்கி இல்லாக் காலத்தில் உயர்ந்த சுருதி விருப்பத்தால் மட்டும் வந்ததன்று, தேவையால் வந்தது. இதனை நான் தேவனாம்பட்டினத்தில் கற்றேன். மாசி மகத் தீர்த்தவாரியை ஒட்டி ஓராண்டு கடற்கரை வெளியில் கூத்து நடந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து வாப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிவரும் தொலைவன்று, பேருந்தில்தான் வந்தோம். மின்சாரம் நின்றுபோய்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கில் ஆட்டம் தொடர்ந்தது. துரியோதனன் ஆள் நெடியவர். கிரீடமும் புஜக்கட்டையும் சேர்ந்து மலைபோல் நின்றார். அவர் சொல்லோ அலையிரைச்சலில் கரைந்தது. திரௌபதி வேடத்தில் குள்ளமான நடுவயது ஆடவர். முகவீணைக்கு ஈடாக அவர் எடுத்த குரல் படகுகள் நின்ற இடம்வரை கேட்டது. தாழ்ந்த இரைச்சல் தாழ்ந்த குரலை விழுங்கும். நம் காது கூர்மையாக உணர்வது நொடிக்கு 2000 முதல் 5000 வரையான அதிர்வுகளை. அந்த எல்லையில் ஒளிரும் குரல் மிதந்து வரும். இவ்விளக்கம் பின்னாளில் படித்தது. அன்று எனக்குத் தெரிந்தது, வாப்பா திரும்பும் வழியெல்லாம் திரௌபதியைப் பற்றியே பேசினார் என்பதுதான்.

கூத்தரிடம் ஒரு பெருந்தீர்வு உண்டு. உயரத்தை அவர்கள் கட்டையில் செதுக்கிக்கொள்கின்றனர். கர்ணன், துரியோதனன் போன்றோர்க்குப் பெருங்கிரீடம், விரிந்த தோளணி, பருத்த பாவாடை. ஐந்தடி ஆள் ஏழடியாகிறார். மூச்சுத் தளர்ந்தால் பின்பாட்டுக்காரர் ஏந்திக்கொள்வர். ஆயினும் முதலடியை வேடதாரியே எடுத்தாக வேண்டும். கூத்து வாத்தியார் ஒருவரிடம் என் கண்ணகிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஒசரம் நான் ரெண்டு நாள்ல பண்ணிக் குடுப்பேன் சார், தொண்டைய எங்க போயிப் பண்றது?" என்றார்.

மேலும் எனக்குப் பிந்தித் தோன்றிய ஒன்று: பாண்டியன் அவையில் கண்ணகி நெடியவளாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அரியணையில் அமர்ந்தவனை அண்ணாந்து பார்த்து வழக்குரைப்பவள் அவள். உயர வேற்றுமை அக்காட்சியின் குறையன்று. அதன் பொருளே அதுதான். காதலர் இணைக்குரிய உருவொப்பை வழக்காளிக்கும் மன்னனுக்கும் இடையே தேடியது என் பிழை.

இவ்வாண்டு அதே நாடகத்தை மீண்டும் எடுத்துள்ளோம். அன்று சிலம்பு எடுத்துக் கொடுத்தவள் இப்போது முதுகலை இறுதியாண்டில் இருக்கிறாள். கண்ணகி அவளே. ஆர்மோனியம் அவளுக்காக ஐந்து கட்டையில் வைக்கப்பட்டுள்ளது. பாண்டியன் அச்சுருதிக்கு ஏற இயலாதவனாதலின் அவன் விருத்தங்களை வசனமாக மாற்றிவிட்டேன். அரியணைக்கு அடியில் ஒரு முழ உயரப் பலகையும் சேர்த்திருக்கிறோம். ஒத்திகை நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு, ஒலிபெருக்கி இன்றி.