மந்திரி கைக்குள் ஒரு காசு

சுவாமிமலை

அன்புள்ள தம்பிக்கு,

கும்பகோணத்தில் ரைஸ்மில் முதலாளி வீட்டு அறுபதாம் கல்யாணத்தில், மந்திரி மேஜையில் வித்தை காட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். எந்த ஐட்டம் செய்யலாம் என்று கேட்கிறாய். எதைச் செய்யக்கூடாது என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

நோட்டு கேட்காதே. மேடையில் நின்று ஐந்நூறு ரூபாய் கேட்டால் பத்துக் கை நீளும். மந்திரி பையில் பணம் இருக்காது. அவர் பி.ஏ.வைத் திரும்பிப் பார்ப்பார், பி.ஏ. டிரைவரைத் தேடுவார், அதற்குள் வித்தை ஆறிப்போகும். மோதிரமும் வேண்டாம், ஜோசியர் சொல்லிப் போட்ட புஷ்பராகத்தை யார் கழற்றுவார்கள்? உன் காசையே எடு. அவர் உள்ளங்கையில் வை, விரலை அவரே மடக்கட்டும். திறக்கும்போது ஒன்று இரண்டாகியிருந்தால் வித்தை செய்தது அவர் கை. மேஜை முழுக்க அவரைத்தான் பார்க்கும். அதே காசை அவர் காதிலிருந்து எடுத்துப் பார், சிரிக்கலாமா கூடாதா என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

நிற்கிற இடத்தை முன்னாலேயே பார்த்துக்கொள். கூட்டம் உன் முதுகுப் பக்கமும் வரும். முடிந்தால் தூணை ஒட்டி நில். கன்மேனுக்கு மனிதர்களின் கையைப் பார்ப்பதுதான் உத்தியோகம். உன் மிஸ்டைரக்‌ஷன் அவரிடம் செல்லாது. சட்டைப்பைக்குள் வெடுக்கென்று கையை விட்டுத் தொலைக்காதே!

வித்தைக்காரர் பி.சி. சர்க்கார் கதையைக் கேள்விப்பட்டிருப்பாய். வங்காளத்தின் பிரதமராக இருந்த (அப்போது மாகாணத் தலைவருக்கே அந்தப் பட்டம்தான்) பசுலுல் ஹக்கை ஒரு தாளில் ஏதோ எழுதவைத்து, மந்திரிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாராம். பிரித்துப் படித்தால், மந்திரி சபை ராஜினாமா, இனி சர்க்காரே பிரதமர் என்று இருந்ததாம். நம் தொழிலில் இன்னும் சொல்லிச் சொல்லி ரசிக்கிற கதை. அதில் தோற்றது மொத்த மந்திரி சபை, தனி ஆள் யாரும் இல்லை. அதனால்தான் சிரிப்பு வந்தது என்பது என் கணக்கு. எலெக்‌ஷன் நேரத்தில் நீ அதைத் தொடாதே.

எனக்கு நிஜமாகவே பயம் வேறொன்றில். மனதில் நினைத்த சீட்டைச் சொன்னதும் சில பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். "தம்பி, இந்தத் தடவை எனக்கு சீட் கிடைக்குமா?" "கேஸ் என்ன ஆகும்?" பதவி பெரிதாக ஆக அவர்கள் பயமும் பெரிதாகிறது. அந்த நிமிஷம் நீ ஒருமுறை தலையை ஆட்டினால் போதும், அடுத்த மாதம் கார் அனுப்புவார்கள். வருஷம் திரும்புவதற்குள் நீ சாமியார். வித்தைக்காரனுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963இல், அற்புத சக்தியை மோசடி இல்லாமல் நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் ஜெயிக்கவில்லை. அப்படிக் கேட்பவரிடம் "இது வெறும் வித்தை ஐயா, பழக்கம்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடு.

எப்படிச் செய்தாய், எனக்கு மட்டும் சொல் என்று தனியே அழைத்தும் கேட்பார்கள். இந்த ஊரில் ஒரு ரகசியம் காதோடு காதாகச் சொல்லப்பட்டது. கேட்டவர் சிவபெருமான், சொன்னது பிரணவத்தின் பொருள். உன்னுடையது ஐந்து ரூபாய்க் காசு. சொல்லாதே, இன்னொரு வித்தை செய்து காட்டு.

பணத்தை வெட்கப்படாமல் பேசு. ராமோ சாமி என்ற நம் நாட்டு வித்தைக்காரர் லண்டனில் பல வருஷம் கொடிகட்டிப் பறந்தவர். 1850இல் அவர் இறந்தபோது அடக்கம் செய்யக் காசில்லாமல் மனைவி பிறரிடம் உதவி கேட்க வேண்டியதாயிற்று. பெரிய இடத்து அறிமுகமே சம்பளம் என்று யாராவது சொன்னால் வணக்கம் வைத்துவிட்டு வா. பாதி அட்வான்ஸ், மீதி அன்றைக்கே. அதையும் முதலாளியிடம் கேட்காதே, கணக்குப்பிள்ளையிடம் கேள்.

மூன்று ஐட்டத்தோடு நிறுத்து. கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்ததும் ஒருநாள் வா. அந்தக் காசு உன் விரலிடுக்கில் லேசாகத் தெரிகிறது, உட்கார்ந்து சரிபண்ணுவோம்.

அன்புடன்,
அண்ணன்