தேய்ந்த டாப்பெட்டும் பழைய காம் ஷாப்டும்

பயிர் வாடும் வேளையில் இறவை என்ஜின் நின்றுவிட்டால் நேரும் நஷ்டத்தை விவசாயிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்த என்ஜின் பல நாட்களாகவே தலைப்பகுதியில் 'டக், டக்' என்று ஒலித்து எச்சரித்திருக்கக்கூடும். டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்த பின்னும் ஓசை விரைவில் திரும்புமாயின், தேய்மானம் உண்டென்று கொள்ளலாம். அப்பொழுது டாப்பெட்டுகளை மட்டும் மாற்றினால் போதுமா, காம் ஷாப்டையும் மாற்ற வேண்டுமா என்னும் கேள்வி எழுகிறது.

காம் ஷாப்ட் என்ஜினின் பாதி வேகத்தில் சுழல்வது. நிமிஷத்திற்கு 1500 சுற்று ஓடும் என்ஜினில் ஒவ்வொரு காமும் தன் டாப்பெட்டை மணிக்கு 45,000 முறை தூக்குகிறது. டாப்பெட்டின் அடி தட்டையாகத் தோன்றினும், பல என்ஜின்களில் அது மிகச் சிறிதளவு குவிந்தும், காமின் முகம் சற்றே சரிந்தும் இருக்கும். இதனால் டாப்பெட் தானே சுழன்று, தேய்மானம் ஓரிடத்தில் சேராமற் பரவுகிறது. நாளடைவில் இரண்டும் ஒன்றுக்கொன்று ஜோடியாகப் பழகிவிடுகின்றன. ஆகவே பழைய டாப்பெட்டைப் புதிய காமின்மேல் ஒருபோதும் வைத்தலாகாது. பழையவற்றையே திரும்பப் பூட்டுவதாயின், கழற்றும்போதே எண்ணிட்டு அதனதன் இடத்திலேயே வைக்க வேண்டும். பழைய காமின்மேல் புதிய டாப்பெட் வைக்கலாம். காம் பழுதற்றிருந்தால் மட்டுமே.

அதனை அறிவது எங்ஙனம்? காம் ஷாப்டை மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்து, வெயிலிற் பிடித்துப் பார்க்க வேண்டும். காமின் மூக்கில் குழிகளோ, நகத்தில் தட்டுப்படும் கீறலோ, கூரேறிய விளிம்போ காணப்பட்டால் அது உதவாது. டாப்பெட்டின் அடியில் இரும்பு அளவுகோலை நிறுத்தி நடுவில் வெளிச்சம் தெரிந்தால், அது குழிந்துவிட்டது; அதற்குரிய காமையும் சந்தேகிக்க வேண்டும். பிறகு மைக்ரோமீட்டரால் காம்களின் உயரத்தை அளந்து, உள்வாங்கும் காமை உள்வாங்கும் காமோடும், வெளியேற்றும் காமை வெளியேற்றும் காமோடும் ஒப்பிடலாம். எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதி லேத் பட்டறைகளில் இது சிறு வேலையே.

திருவொற்றியூரில் உருவான பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டில் இரு காம்களும் தனித்தனியானவை. கெட்டதை மட்டும் மாற்றலாம். டிராக்டரிலோ எல்லாம் ஒரே தண்டில் அமைந்தவை. ஒரு காம் கெட்டாலும் முழுத் தண்டும் போகும். செலவுக்கு அஞ்சி அதன்மேல் புதிய டாப்பெட்டை ஏற்றினால் அதுவும் விரைவில் அரைபடும். இரும்புத் துகள் ஆயிலோடு கலந்து பேரிங்குகளையும் கெடுக்கும். பஞ்சாயத்து வாகனத்தின் பழுதுபார்க்கும் பில்லை அங்கீகரிக்குமுன், கழற்றிய பாகங்களை அங்கத்தினர்கள் நேரில் பார்ப்பது நலம்.

பூட்டும்போது காமின் முகத்திலும் டாப்பெட்டின் அடியிலும் இதற்கென விற்கும் மாலிப்டினம் பசையைத் தடவுக. என்ஜின் கிளம்பியதும் மெதுவாக ஓடவிடுவது நம்மவர் வழக்கம்; இங்கு அதுவே தீங்கு. குறைந்த வேகத்தில் ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுவதும் காமின் மூக்கில் விழுகிறது. தெறிக்கும் ஆயிலும் குறைவு. ஆதலால் தயாரிப்பாளர் வேறு கூறாதவிடத்து, ஏறக்குறைய 20 நிமிஷம் நடுத்தர வேகத்தில் ஓட்டி, பின்பு நிறுத்தி இடைவெளியை மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுக. வடித்த ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டுப் பார்த்தால், துகள் எவ்வளவு ஒட்டுகிறதென்பது தெரியும்.